கந்தகம் தூவிப் பூமியைக் குளிர்விப்பது: எத்தனை டன், எந்த விமானம், யார் அனுமதி?

தென்பெண்ணை (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்பிப் பூமியின் வெப்பத்தைக் குறைக்கும் யோசனைகளைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு விளக்கக் குறிப்பு தயாரிக்கிறோம். முக்கியமாக, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் அடுக்குமண்டலத்தில் கந்தகத் துகள் பரப்பும் திட்டம். தமிழில் கைக்குக் கிடைப்பது இரண்டே வகை: "விஞ்ஞானிகள் சூரியனை மறைக்கப் போகிறார்கள்" என்ற தலைப்புச் செய்தி, அல்லது வானத்தில் வெள்ளைக் கோடு போடும் விமானமெல்லாம் மருந்து தெளிக்கிறது என்ற வாட்ஸப் பார்வர்டு. எண்ணோடு பேசுகிறவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன்.

ஒரு டிகிரி குறைக்க எத்தனை டன் தேவை, எந்த உயரத்தில், இருக்கும் விமானம் போதுமா? "சின்னதாக வெளியில் ஒரு சோதனை செய்தால் என்ன கெட்டுவிடும்" என்கிறார் ஒருவர், "இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள்" என்கிறார் இன்னொருவர். அந்தச் சின்னச் சோதனையால் உண்மையில் எது தெரியவரும்? பருவமழை என்ன ஆகும்? குறிப்பாக, நம் வடகிழக்குப் பருவமழைக்குக் கணினி மாதிரித் தரவைத் திறந்து நாங்களே பார்க்க முடியுமா? கடைசியாக, இதற்கெல்லாம் அனுமதி கொடுப்பது யார்?

கந்தகம்64:

அளவிலிருந்து தொடங்குகிறேன். 1 டிகிரி செல்சியஸ் குறைக்க ஆண்டுக்கு 80 லட்சம் முதல் 1.6 கோடி டன் வரை சல்ஃபர் டை ஆக்சைடு, ஆண்டுதோறும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2023 நிபுணர் அறிக்கை தரும் வீச்சு இது. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். மாதிரிகள் துகளின் பருமனையும் அது காற்றில் தங்கும் காலத்தையும் வெவ்வேறாகக் கணக்கிடுவதால் வருவது அது.

ஒப்பிட, 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை ஒரே வீச்சில் ஏறத்தாழ 1.5 முதல் 2 கோடி டன் சல்ஃபர் டை ஆக்சைடை மேலே ஏற்றியது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி அரை டிகிரி அளவுக்கு இறங்கியது. "அப்படியானால் அதையே ஆண்டுதோறும் செய்தால் சரி" என்று கணக்குப் போடுவதுதான் எல்லோரும் விழும் குழி. எரிமலை வெடிக்கும்போது மேலே காற்று ஏறத்தாழச் சுத்தமாக இருந்தது. தொடர்ந்து தூவினால் புதிதாக உண்டாகும் கந்தக அமிலம், ஏற்கெனவே மிதக்கும் துளிகள்மீது போய்ப் படியும். துளி பெருக்கும். பெருத்த துளிக்கு இரண்டு குறை: ஒரு கிலோவுக்குத் திருப்பும் ஒளி குறையும், சீக்கிரம் கீழே விழும். ஆகவே தூவும் அளவை இரட்டித்தால் குளிர்ச்சி இரட்டிக்காது.

இனி உயரம். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் அடுக்குமண்டலம் தொடங்குவதே 17 கி.மீ. வாக்கில். துகள் ஓராண்டு அளவுக்காவது மேலே தங்க வேண்டுமானால் 20 கி.மீ.யைத் தொட வேண்டும். பயணிகள் விமானம் பறப்பது 10 முதல் 12 கி.மீ. அந்த உயரத்தில் நம் தலைக்கு மேலே எதைத் தெளித்தாலும் சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில், மழையோடு கீழே வந்துவிடும். உங்கள் வாட்ஸப் பார்வர்டுக்கு இந்த ஒரு வரி போதும்.

20 கி.மீ.யில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 7 சதவீதம்தான். அங்கே போய்வரும் விமானங்கள் இருக்கின்றன. நாசாவின் இஆர்-2 ஏறத்தாழ 21 கி.மீ. வரை ஏறும். ஆனால் அது சுமப்பது ஒரு டன்னைச் சற்றுத் தாண்டிய கருவிகளை. டன் கணக்கில் சரக்கேற்றி, நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை போய்வர ஒரு விமானமும் இன்று இல்லை. 2018-இல் வேக் ஸ்மித், கெர்னாட் வாக்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அப்படியொரு விமானத்தைத் தாளில் வரைந்து செலவு பார்த்தார்கள்: உடலுக்கு மிஞ்சிய இறக்கை, நான்கு எஞ்சின், 25 டன் சுமை. முதல் ஆண்டு 1 லட்சம் டன் கந்தகம், சுமார் 4,000 பயணம். பதினைந்தாம் ஆண்டில் 15 லட்சம் டன், சுமார் 60,000 பயணம். முதல் 15 ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 225 கோடி டாலர். நாடுகளின் பட்ஜெட்டை வைத்துப் பார்த்தால் சில்லறை. இந்தத் திட்டத்தைச் சிலர் விரும்புவதற்கும் சிலர் அஞ்சுவதற்கும் காரணம் அந்த மலிவுதான்.

அந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. விமானம் சுமப்பது வாயுவை அல்ல, உருக்கிய கந்தகத்தை. மேலே போய் எரித்தால் ஒரு டன் கந்தகம் இரண்டு டன் சல்ஃபர் டை ஆக்சைடு ஆகிவிடும், ஏனென்றால் மீதி எடையை அங்கிருக்கும் ஆக்சிஜன் தருகிறது. ஆண்டுக்கு 1 கோடி டன் வாயு வேண்டுமென்றால் 50 லட்சம் டன் கந்தகம், 25 டன் சுமையில் 2 லட்சம் பயணம், நாளைக்கு ஏறத்தாழ 550. வாயுவாகவே சுமந்தால் இதில் இரு மடங்கு.

ஆனால் இந்தச் சலுகை சும்மா கிடைப்பதில்லை. கந்தகம் 115 டிகிரியைத் தாண்டித்தான் உருகும், 160-ஐ நெருங்கினால் திடீரெனப் பாகு போல இறுகும். எனவே தொட்டி, குழாய், வால்வு எல்லாவற்றையும் 125 முதல் 145 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், வெளியே மைனஸ் 60 இருக்கும்போது. ஒரு குழாய் உறைந்தால் அந்தப் பயணம் வீண், அத்தனை சுமையோடு தரையிறங்க வேண்டும். ஒரு டன் கந்தகம் எரிய ஒரு டன் ஆக்சிஜன், அதாவது ஏறத்தாழ 4.3 டன் காற்று தேவை. 25 டன்னை ஒரு மணி நேரத்தில் தீர்க்க, நொடிக்கு 7 கிலோ கந்தகமும் 30 கிலோ காற்றும் எரிகலத்துக்குப் போக வேண்டும். மெல்லிய காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவியின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்படி ஓர் எரிகலன் அந்த உயரத்தில் இன்னும் பறந்ததில்லை.

கந்தகம் கிடைக்குமா என்பது கவலையே இல்லை. உலகில் ஆண்டுக்கு 8 கோடி டன் வாக்கில் உற்பத்தியாகிறது, பெரும்பாலும் எண்ணெய், எரிவாயு சுத்திகரிப்பின் உபரியாக.

தென்பெண்ணை:

மிக்க நன்றி. இருக்கும் போயிங் சரக்கு விமானமே போதும் என்று எங்கோ படித்தேனே, அது தவறா? சுண்ணாம்புத் தூள் என்றும் ஒரு மாற்று சொல்கிறார்களே, அது கந்தகத்தைவிடப் பாதுகாப்பானதா?

கந்தகம்64:

தவறில்லை, பாதி விஷயம் விடுபட்டிருக்கிறது. துருவப் பக்கம் போகப் போக அடுக்குமண்டலத்தின் அடித்தளம் 8 முதல் 10 கி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே 60 டிகிரி அட்சரேகையில் 13 கி.மீ. உயரமே போதும், 777 சரக்கு விமானத்தை மாற்றியமைத்தே அங்கே எட்டலாம். 2025-இல் வந்த ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது: இரண்டு அரைக்கோளத்திலும் அந்தந்த வசந்தத்திலும் கோடையிலும், மொத்தம் ஆண்டுக்கு 1.2 கோடி டன். பலன் 0.6 டிகிரி. காற்றோட்டம் அங்கே கீழ்நோக்கி இருப்பதால் துகள் சில மாதங்களிலேயே இறங்கிவிடுகிறது. அதே குளிர்ச்சிக்கு உயரமான முறையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு கந்தகம், மூன்று மடங்கு அமிலப் படிவு. குளிர்ச்சியும் துருவப் பக்கம் அதிகம், நம் பக்கம் குறைவு.

தொழில்நுட்பமாக இது மட்டமான வழி. அரசியலாகப் பார்த்தால் கவலைக்குரியது, ஏனென்றால் புதிய விமானம் கட்டும் பத்துப் பதினைந்து ஆண்டுத் தாமதம் ஒரு இயற்கையான தடையாக இருந்தது. அந்தத் தடை இந்த வழியில் இல்லை.

சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட்: கந்தகத் துளி அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சி அடுக்குமண்டலத்தின் கீழ்ப்பகுதியைச் சூடாக்கும், அதன் பரப்பில் நடக்கும் வேதிவினை குளோரினைத் தூண்டிவிட்டு ஓசோனைத் தின்னும். சுண்ணாம்பு குறைவாகச் சூடாக்கும், அமிலங்களைப் பிடித்துக்கொண்டு ஓசோனைக் காப்பாற்றக்கூடும் என்று 2016-இல் ஹார்வர்டு குழு எழுதியது. பிறகு ஆய்வகத்தில் அளந்தபோது, ஹைட்ரஜன் குளோரைடோடும் நைட்ரிக் அமிலத்தோடும் அது வினைபுரியும் வேகம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. ஆகவே ஓசோன் மீளும் என்ற நம்பிக்கை இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. இன்னொரு தொல்லை, திடத்தூள் கட்டிக்கொள்ளும். 0.3 மைக்ரோமீட்டர் ஆரத்தில் அரைத்தெடுத்தாலும் தெளிப்பு முனையிலிருந்து வெளியேறும் நொடியில் பத்தும் இருபதுமாக ஒட்டிக்கொண்டால், கிடைப்பது ஒளியைத் திருப்பும் துகள் அல்ல, வேகமாக விழும் தூசி.

உங்கள் சின்னச் சோதனைக் கேள்விக்கும் இங்கேதான் விடை. வெளியில் ஒரு கிலோ தூவினால் தெரிவது: முனையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் துகள் எந்தப் பருமனில் உருவாகிறது, எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது, பக்கத்துக் காற்றில் ஓசோனும் ஹைட்ரஜன் குளோரைடும் எப்படி மாறுகின்றன. தெரியாதது: மழை, வெப்பம், துருவச் சுழற்சி. காலநிலையில் மாற்றம் அளக்கும் அளவுக்குத் தூவினால் அதற்குப் பெயர் சோதனை அல்ல, அமலாக்கம். உங்கள் இரு நண்பர்களிடமும் இந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

ஹார்வர்டின் ஸ்கோபெக்ஸ் திட்டம் அந்த முதல் வகை. ஒரு பலூனில் உந்திகளோடு தொங்கும் கூடை 20 கி.மீ. வாக்கில் போய் 100 கிராம் முதல் 2 கிலோ வரை சுண்ணாம்பைத் தூவும், அது 1 கி.மீ. நீளமும் 100 மீட்டர் விட்டமும் உள்ள ஒரு புகைக்கற்றை ஆகும், கூடை திரும்பி அதற்குள்ளேயே போய் அளக்கும். கடினமான வேலை கடைசிச் சொற்றொடரில் இருக்கிறது. பலூன் காற்றோடு போகும், கற்றையும் காற்றோடு போகும், ஆனால் ஐம்பது மீட்டர் மேலும் கீழும் காற்று வேறு வேறு வேகத்தில் வீசினால் கற்றை சாய்ந்து கிழிந்துவிடும். லைடார் (லேசர் ஒளி அனுப்பித் துகளைத் தேடும் கருவி) வைத்துத் தேடாமல் இரண்டாம் முறை அதைப் பிடிக்க முடியாது. துகள் எண்ணும் ஒளிக்கருவிகளில் எடை குறைந்தவை 0.14 மைக்ரோமீட்டருக்குக் கீழே பார்ப்பதில்லை, புதிதாகப் பிறக்கும் கந்தக அமிலத் துகள் அதைவிடச் சிறியது. கருவிப் பட்டியலில் இந்த ஓட்டை இருக்கும் திட்டத்தை நம்ப வேண்டாம்.

வாடைக்காற்று:

பருவமழைக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடிப்படை இயற்பியல் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். கார்பன் டை ஆக்சைடால் ஏறிய வெப்பத்தைச் சூரிய ஒளியைக் குறைத்துச் சரிக்கட்டினால், வெப்பம் பழைய நிலைக்குத் திரும்பும். மழை அதைவிடக் கொஞ்சம் கீழே போய் நிற்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கோவிந்தசாமி பாலாவும் சக ஆய்வாளர்களும் 2008-இல் இதை எண்ணோடு காட்டினார்கள்: சூரிய ஒளி மாறும்போது ஒரு டிகிரிக்கு உலக மழை 2.4 சதவீதம் மாறுகிறது, கார்பன் டை ஆக்சைடு மாறும்போது 1.5 சதவீதம்தான். ஏறியது ஒரு படி, இறங்கியது வேறு படி. ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் பழைய நிலைக்கு வராது. "காலநிலையை 1990-க்குத் திருப்பி வைக்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணைக் காட்டுங்கள்.

அடுத்தது, எங்கே தூவுகிறார்கள் என்பது. ஒரு அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் அது மட்டும் குளிரும், வெப்பமண்டல மழைப்பட்டை சூடான அரைக்கோளத்தை நோக்கி நகரும். வடக்கில் மட்டும் தூவினால் பட்டை தெற்கே போகும். ஜிம் ஹேவுட் குழு 2013-இல் காட்டியது இதைத்தான்: வட அரைக்கோளத்தில் மட்டும் துகள் தங்கிய எரிமலை வெடிப்புகளுக்குப் பிறகு ஆப்பிரிக்காவின் சாஹேலில் (சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பட்டை) வறட்சி. ஆர்க்டிக் பனியைக் காக்கத் துருவத்தில் மட்டும் தூவுவது நல்லெண்ணத் திட்டம் போலத் தோன்றும். பாலா குழுவின் 2018 ஆய்வில் அப்படிச் செய்தால் வட அரைக்கோளப் பருவமழைப் பகுதிகளில், இந்தியா உட்பட, மழை குறைந்தது. தெற்கிலும் சமமாகத் தூவினால் அந்தக் குறைவு பெரிதும் சரியானது. நம்மவர்கள் பங்குபெறாத மேசையில் முடிவு எடுக்கப்பட்டால் எது நடக்கலாம் என்பதற்கு இது ஒரு மாதிரி.

இதனால்தான் புதிய மாதிரி ஓட்டங்கள் (கணினி மாதிரியை ஒருமுறை இயக்குவது ஓர் ஓட்டம்) நான்கு இடங்களில் தூவுகின்றன: 30 வடக்கு, 15 வடக்கு, 15 தெற்கு, 30 தெற்கு. ஒரு கட்டுப்பாட்டு நிரல் ஆண்டுதோறும் மூன்று எண்ணைப் பார்க்கும்: உலகச் சராசரி வெப்பம், வட தென் வேறுபாடு, நடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் உள்ள வேறுபாடு. பார்த்து அடுத்த ஆண்டுக்கு எந்த இடத்தில் எவ்வளவு என்று முடிவு செய்யும். அந்த நிரலின் இலக்கில் மழை இல்லை. இதைக் குறிப்பில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தரவைத் திறந்து பார்க்கலாமா? தாராளமாக. அமெரிக்க வளிமண்டல ஆய்வு மையத்தின் ஜிலென்ஸ், ஏரைஸ் என்ற இரண்டு மாதிரி ஓட்டத் தொகுப்பும் பொதுவில் இருக்கின்றன. ஜிலென்ஸ் மிக அதிக உமிழ்வுப் பாதையில் ஓடுவதால் அதில் தூவும் அளவும் பயங்கரமாக இருக்கும். முதலில் ஏரைஸ் எடுங்கள். நடுத்தர உமிழ்வுப் பாதை, 2035 முதல் 2069 வரை, பத்து ஓட்டங்கள், 1.5 டிகிரியில் நிறுத்துவது இலக்கு. அதில் கை வைத்தால் வரும் தவறுகள்:

மாதக் கோப்புகளில் நேரக்குறி மாதத்தின் முடிவைக் காட்டும். ஜனவரிச் சராசரியின்மேல் பிப்ரவரி 1 என்று எழுதியிருக்கும். திருத்தாமல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் கைக்கு வருவது செப்டம்பர், அக்டோபர், நவம்பர். வடகிழக்குப் பருவமழைக்கு இது உயிர்ப் பிழை: டிசம்பர் போய், தென்மேற்கின் வால் உள்ளே வந்துவிடும்.

மழை இரண்டு மாறிகளாகப் பிரிந்திருக்கும், வெப்பச்சலன மழை ஒன்று, பரந்த மேக மழை ஒன்று. கூட்டினால்தான் மொத்தம். அலகு நொடிக்கு மீட்டர், 8.64 கோடியால் பெருக்கினால் நாளைக்கு மில்லிமீட்டர். நாட்காட்டியில் பிப்ரவரி 29 கிடையாது.

எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தூவிய 2050–2069-ஐ, தூவாத அதே 2050–2069-ஓடு ஒப்பிட்டால் "சூடேறிய உலகைவிட மேலா கீழா" என்ற விடை. 2020–2039-ஓடு ஒப்பிட்டால் "அதே வெப்பத்தில் வேறென்ன மாறியது" என்ற விடை. இரண்டும் பல சமயம் எதிர்க்குறியில் வரும். ஆதரிப்பவர் முதலாவதையும் எதிர்ப்பவர் இரண்டாவதையும் படம் போட்டுக் காட்டுவார்கள், இருவரும் பொய் சொல்லவில்லை.

மாதிரி உலகைப் பிரிக்கும் ஒரு கட்டத்தின் அளவு நம் அட்சரேகையில் ஏறத்தாழ 104 க்கு 136 கி.மீ. தமிழ்நாடு முழுவதும் ஒன்பது பத்துக் கட்டத்தில் அடங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மாதிரிக்கு ஒரு தாழ்ந்த திட்டு. ஆகவே மாவட்டவாரி வரைபடம் போடவே போடாதீர்கள், பத்து ஓட்டமும் ஒரே திசையில் போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆறு கூடி நான்கு குறைந்தால் "தெரியவில்லை" என்பதே நேர்மையான விடை. பல மாதிரிகளை ஒப்பிடும் ஜியோமிப் திட்டத்தின் பழைய சோதனைகளில் சூரிய மாறிலியை, அதாவது சூரியன் தரும் ஒளியின் அளவையே, குறைத்து ஓட்டியவை உண்டு. அவற்றில் அடுக்குமண்டலம் சூடேறுவதே கிடையாது, எனவே கந்தகத்தின் மழை விளைவுக்கு அவற்றை மேற்கோள் காட்டக் கூடாது.

பாதியில் நிறுத்தினால் என்ன என்ற கேள்வி நிச்சயம் வரும். துகள் ஓரிரு ஆண்டில் விழுந்துவிடும், மறைத்து வைத்த வெப்பம் பத்து இருபது ஆண்டுக்குள் திரும்பிவரும். 0.2 டிகிரியை மறைத்திருந்தால் சமாளிக்கலாம், 2 டிகிரியை மறைத்திருந்தால் பயிரும் காடும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

சட்டப்புள்ளி:

அனுமதி யார் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்ப்பதில்: முழு உலகுக்கும் ஒரு வாசல் இல்லை, பல சின்னச் சன்னல்கள் இருக்கின்றன.

உலக அளவில் பலரும் காட்டுவது உயிரியப் பன்மை உடன்படிக்கை. 2010-இல் நகோயாவில் எடுத்த முடிவு: போதிய அறிவியல் ஆதாரமும் கட்டுப்பாட்டு முறையும் வரும்வரை உயிரியப் பன்மையைப் பாதிக்கக்கூடிய புவிப்பொறியியல் வேண்டாம், கட்டுப்பட்ட சூழலில், குறிப்பிட்ட தரவு தேவைப்பட்டு, முன்கூட்டியே முழு மதிப்பீடு செய்த சிறு ஆய்வுகளுக்கு விலக்கு. இதைத் "தடைச் சட்டம்" என்று எழுதாதீர்கள், கட்டுப்படுத்தும் விதி அல்ல அது. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் உறுப்பினரும் இல்லை. 1978 முதல் நடைமுறையில் உள்ள சூழல் மாற்றத் தடை ஒப்பந்தம் பகைமை நோக்கத்தை மட்டும் தடுக்கிறது. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் நெறிமுறையின் 2013 திருத்தம் கடலில் இரும்பு தூவுவது போன்றவற்றுக்கு, அதுவும் போதுமான நாடுகள் ஏற்காமல் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் சுவிட்சர்லாந்து 2019-இலும் 2024-இலும் தீர்மானம் கொண்டுவந்தது. முதல்முறை அமெரிக்காவும் சவுதியும் எதிர்த்தன. இரண்டாம் முறை, பயன்படுத்தவே கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் நின்றன. இரண்டு முறையும் திரும்பப் பெறப்பட்டது.

நாட்டளவில் அமெரிக்காவைப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வானிலையை மாற்ற முயல்கிறவர் 10 நாள் முன்னதாகக் கடல், வளிமண்டல நிர்வாகத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அது அனுமதி அல்ல, வெறும் தகவல். தவறினால் அபராதம் 10,000 டாலர் வரை. மேக் சன்செட்ஸ் என்ற சிறு நிறுவனம் 2022-இல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் சல்ஃபர் டை ஆக்சைடு நிரப்பிய பலூன்களைப் பறக்கவிட்டு, பிறகு குளிர்ச்சிக்கு விலை போட்டு விற்கத் தொடங்கியது. அளவு கிராமில். பலூன் எங்கே வெடித்தது என்பதற்கே சரியான அளவீடு இல்லாத வேலையை ஆய்வு என்று சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் மெக்சிகோ தடை செய்யப்போவதாக அறிவித்தது.

மறுபக்கம், டென்னசி மாநிலம் 2024-இலும் புளோரிடா 2025-இலும் சட்டம் போட்டுவிட்டன. புளோரிடாவில் அபராதம் 1 லட்சம் டாலர் வரை. வெப்பத்தையோ வானிலையையோ சூரிய ஒளியையோ மாற்றும் நோக்கில் எதையும் வெளியிடக் கூடாது. வாட்ஸப் பார்வர்டு சட்டசபைக்குள் போனால் இப்படித்தான். இதில் நோக்கம்தான் குற்றம், அளவு அல்ல. ஒரு மின்நிலையம் டன் கணக்கில் விடும் கந்தகம் இதில் வராது, துகள் அளவை அளக்க ஒருவர் விடும் 50 கிராம் வரும்.

அரசுப் பணம் தெளிவாகப் போகும் இடம் பிரிட்டன். ஏரியா என்ற முகமை 2025 மே மாதம் 5.7 கோடி பவுண்டு அளவுக்கு 21 திட்டங்களை அறிவித்தது. அதில் அடுக்குமண்டலத் திட்டம் ஒன்று: மில்லிகிராம் கணக்கில் கனிமத் தூளைப் பலூனில் ஏற்றி, வெளியே விடாமல், மேலே உள்ள காற்றில் காயவைத்துத் திரும்ப இறக்கி ஆராய்வது. கந்தகம்64 சொன்ன வேதிவினை வேகக் கேள்விக்கு இது நல்ல வடிவம். தூவாமலே விடை கிடைக்கிறதென்றால் தூவக் கூடாது.

நெய்தல்:

ஒரு எதிர்வாதம். மேலே பேசியது எல்லாம் பொருள் சரியா, அளவு சரியா என்பது. நின்றுபோன திட்டங்களை எடுத்துப் பாருங்கள், ஒன்றுகூட அளவால் நிற்கவில்லை. பிரிட்டனின் ஸ்பைஸ் என்ற ஆய்வுத் திட்டம், 1 கி.மீ. குழாயில் வெறும் 150 லிட்டர் தண்ணீர் தெளிப்பதற்கு இருந்தது. காப்புரிமை தொடர்பான நலமுரண் வெளிவந்து 2012-இல் கைவிட்டார்கள். ஸ்கோபெக்ஸ் 2021-இல் ஸ்வீடனின் கிருனாவில் துகளே இல்லாமல் பலூனை மட்டும் ஓட்டிப் பார்க்க இருந்தது. சாமி பழங்குடியினர் மன்றத்தை முன்கூட்டிக் கேட்கவில்லை, அவர்கள் எதிர்த்தார்கள், நின்றது. திட்டமே 2024 மார்ச்சில் மூடப்பட்டது.

2024 ஏப்ரலில் கலிபோர்னியாவின் அலமீடாவில், ஹார்னெட் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் கடலுப்புத் தூவல் ஒன்றை வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு தொடங்கியது. இது அடுக்குமண்டலம் அல்ல, கடல்மேல் தாழ்வாக நிற்கும் மேகங்களை வெளுக்கும் முறை. மேகத்தைத் தொடவே இல்லை, தளத்தின்மீது துளியின் பருமன் எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்று நகரம் அமர்த்திய நிபுணர்களே சொன்னார்கள். ஆனால் நகரமன்றத்துக்கே விவரம் பத்திரிகை வழியாகத்தான் தெரியவந்தது. ஜூனில் ஒருமனதாக மறுத்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் பவளத்திட்டுக்கு மேலே அதே வகை வேலை 2020 முதல் நடக்கிறது. மரபுவழி உரிமையாளர்களிடமும் பவளப்பூங்கா ஆணையத்திடமும் முதலில் போனார்கள். அங்கே தடையாக இருப்பது இயற்பியல்: உலர்ந்த துகள் 30 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஒரு தூவுகருவிக்கு நொடிக்கு 10 கோடி கோடி என்ற கணக்கில் வேண்டும், பெரிய துகள் கலந்துவிட்டால் மேகம் வெளுப்பதற்குப் பதில் தூறி வடிந்துபோகும். தூவிய நீர் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனத்து, மேலே ஏறாமல் கடல்மட்டத்திலேயே தவழும் தொல்லையும் உண்டு.

தென்பெண்ணை:

எல்லோருக்கும் நன்றி. குறிப்பில் கடைசிப் பக்கம், ஒரு திட்டம் செய்தியில் வந்தால் வாசகர் என்ன கேட்க வேண்டும் என்று வைக்கலாமென்று இருக்கிறேன். இரண்டு மூன்று கேள்வி சொல்லுங்கள்.

சட்டப்புள்ளி:

எவ்வளவு கிராம், எந்த உயரம், என்ன பொருள் என்பதை முன்கூட்டி வெளியிட்டார்களா. காப்புரிமை யாரிடம், விளைவு நன்றாக வந்தால் லாபம் யாருக்கு. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் திட்டத்துக்கு வெளியே இருக்கும் யாருக்காவது உண்டா. ஸ்கோபெக்ஸில் ஆலோசனைக் குழுவுக்கு அது இருந்தது, அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள்.

கந்தகம்64:

நான் ஒன்று சேர்க்கிறேன்: ஆய்வகத்திலோ எரிமலைத் தரவிலோ கிடைக்காத எந்த எண்ணை இந்தச் சோதனை அளக்கப்போகிறது, அலகோடு சொல்லச் சொல்லுங்கள். "புரிதலை மேம்படுத்த" என்று பதில் வந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

வாடைக்காற்று:

மழை வரைபடம் போட்டால் பக்கத்திலேயே ஒப்பீட்டு ஆண்டுகளையும் ஓட்டங்களின் எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள். நேரக்குறியைத் திருத்தியதும் தூவாத ஓட்டத்தின் 2020–2039 நவம்பர் மழையை இந்திய வானிலைத் துறையின் கட்ட மழைத் தரவோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். உச்ச மாதம் ஒத்துவரவில்லை என்றால், மாதிரியைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் நிரலில் தேடுங்கள்.